மெக்லுஹானைப் படித்தால் பங்காளிகள் குரூப் புரியுமா?

செக்காலைக்காரன்

காரைக்குடியில் கல்யாண வீடியோவும் ரீல்ஸும் எடிட் செய்து பிழைக்கிறவன் நான். என்னிடம் வேலை கேட்டு வரும் பிள்ளைகளில் பலர் ஊடகவியல் படித்தவர்கள். என்ன படித்தாய் என்று கேட்டால் மார்ஷல் மெக்லுஹான், கனடா ஊடக அறிஞர், 1964, 'ஊடகமே செய்தி' என்று கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். சரிப்பா, போன முகூர்த்தத்தில் நாம் போட்ட பெண் அழைப்பு ரீலை மூன்றாவது விநாடியிலேயே ஜனங்கள் ஏன் தள்ளிவிட்டுப் போனார்கள் என்றால் முழிக்கிறார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, பாடத்தைச் சொல்கிறேன். டிவியும் ரேடியோவும் பேப்பரும் மட்டும் இருந்த காலத்தில் கனடாவிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்தவர்கள் எழுதியது அது. இன்று நம் வீடுகளில் காலையில் பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளையார் படம், மத்தியானம் சீரியலின் ஒரு துண்டு, ராத்திரி கண் சொக்குகிற வரை ரீல்ஸ். இதைப் புரிந்துகொள்ள அந்த ஆட்கள் எதற்கு? நான் பிளஸ் டூ வரைதான் படித்தேன். எந்த ஷாட்டில் விரல் நிற்கும், எதில் நகரும் என்று எனக்குத் தெரியும். ஊடகத்தைத் தெரிந்துகொள்வது என்றால் அதுதானே? வாத்தியார்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

கோட்டையூர் வாத்தியார்

ஊடகவியல் நடத்துகிற வாத்தியார்தான் அண்ணே நான். எந்த ஷாட்டில் விரல் நிற்கும் என்பது தொழிலில் இருந்து வருகிற அறிவு. அதை வகுப்பில் தர முடியாது, தருவதாக நான் சொன்னதும் இல்லை.

ஆனால் உங்கள் வேலையிலிருந்தே ஒன்று கேட்கிறேன். இசைகுடிமானம், அதாவது நகரத்தார் செட்டியார் வீட்டுக் கல்யாண ஒப்பந்தம், எழுதுவதை இப்போது எப்படி எடுக்கிறீர்கள்? பழைய கேசட்டைப் போட்டுப் பார்த்தால் இரண்டு வீட்டுப் பங்காளிகளும் பட்டாலையில் வரிசையாக உட்கார்ந்திருப்பது முழுசாகத் தெரியும். யார் யாருக்குப் பக்கத்தில், யார் மனத்தாங்கலில் தள்ளி உட்கார்ந்தார் என்பதுகூட அதில் இருக்கும். இப்போது வெர்டிகல். எழுதுகிறவர் கை, பேனா முனை, அப்புறம் பெண் மாப்பிள்ளை முகம். பக்கவாட்டில் இருக்கிற பெரியவர்கள் யாரும் இல்லை. அவர்களை ஒதுக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கவில்லை, கல்யாண வீட்டாரும் நினைக்கவில்லை. போன் கையில் செங்குத்தாக நிற்கிறது, அதற்குத் தகுந்தபடி ஒரு சடங்கின் ஆட்கள் குறைந்துபோனார்கள். ஒரு புது ஊடகம் வாழ்க்கையின் அளவையும் வேகத்தையும் ஒழுங்கையும் மாற்றுகிறது, அதற்குள் என்ன காட்டுகிறோம் என்பதைவிட அந்த மாற்றம்தான் பெரிது என்றார் மெக்லுஹான். அந்த ஒரு வரியை ஒப்பிக்கிற பிள்ளை உங்கள் எடிட்டிங் மேசையில் இதைப் பார்க்கவில்லை என்றால், அது எங்கள் கற்பித்தலின் குறை. வரியின் குறை இல்லை.

இன்னொன்று நம் ஊர்க்காரர் கதை. ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக கிராமபோன் தட்டு வியாபாரம் செய்தார். அந்த 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் கொள்ளும். முக்கால் மணி நேரம் ஒரு ராகத்தை விரித்துப் பாடுகிற வித்வானும் அந்த 3 நிமிடத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. தட்டு போய், கேசட் வந்து, அதுவும் போய்விட்டது. சினிமாப் பாட்டு மட்டும் இன்னும் ஏறக்குறைய அந்த அளவைச் சுற்றியே வருகிறது. அரக்கும் ஊசியும் போட்ட கணக்கில்தான் இன்றைக்கும் பாடுகிறோம்.

செக்காலைக்காரன்

மெய்யப்பச் செட்டியார் கதையை என் பக்கம்தான் சேர்க்க வேண்டும் ஐயா. யுத்த காலத்தில் மெட்ராஸை விட்டு இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். எந்தக் கோட்பாட்டைப் படித்துவிட்டு எடுத்தார்? மெக்லுஹான் அந்த வரியை எழுதியதே அதற்குப் பல வருஷம் கழித்துத்தான். தட்டில் எவ்வளவு கொள்ளும், ஜனங்கள் எதைக் காசு கொடுத்து வாங்குவார்கள், இரண்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. செய்கிறவன் முதலில் செய்கிறான். பெயர் வைக்கிறவர் பிறகு வருகிறார்.

வெர்டிகல் விஷயத்தில் நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் போன் செங்குத்தாக நிற்பதால் மட்டும் அது நடக்கவில்லை. நான் இரண்டு கேமரா வைக்கிறேன், ஒன்று அகலமாகவே எடுக்கிறது. அந்தப் பதிவை யாரும் கேட்பதில்லை. பெண் வீட்டார் கேட்பது 40 விநாடி ரீல், அதுவும் திருப்பூட்டு என்கிற தாலிகட்டு முடிந்து மத்தியானப் பந்திக்குள் வேண்டும் என்கிறார்கள். வெளியூரில் இருக்கிற சிநேகிதிகள் அன்றைக்கே பார்க்க வேண்டும். பெரியவர்களை வெட்டியது போன் இல்லை, அந்த அவசரம். அவசரத்துக்குக் காரணம் மனுஷர்கள்.

கோட்டையூர் வாத்தியார்

அண்ணே, இங்கிலாந்தில் ரேமண்ட் வில்லியம்ஸ் மெக்லுஹானை எதிர்த்துச் சொன்னது ஏறக்குறைய இதுதான். 1974-ல் தொலைக்காட்சி பற்றி எழுதினார். கருவி தானாக வந்து சமூகத்தை மாற்றுவதில்லை, ஏற்கெனவே இருக்கிற தேவைகளும் ஆதாயங்களும்தான் எந்தக் கருவி எப்படி வளரும் என்று முடிவு செய்கின்றன என்பது அவர் வாதம். நீங்கள் கோட்பாட்டுக்கு எதிராகப் பேசுவதாக நினைக்கிறீர்கள். ஒரு கோட்பாட்டை இன்னொன்றால் அடித்திருக்கிறீர்கள்.

பினாங்குப் பேரன்

என் ஐயாவின் அப்பச்சி காலத்தில் எங்கள் குடும்பம் பினாங்கில் கொடுக்கல் வாங்கல் செய்தது. நான் பினாங்கிலேயே பிறந்தவன், நாட்டரசன்கோட்டை வீட்டுக்குக் கல்யாணம் காட்சிக்கு வந்துபோவேன். ஒரு விஷயத்தை நடுவில் சொல்ல வேண்டும்.

கிட்டங்கியில், அதாவது பினாங்கில் இருந்த எங்கள் கடையில், மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசையாக இருப்பார்கள். மூன்று வருஷக் கணக்குக்கு வந்து, முடித்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். இடையில் முதலாளிக்கும் ஏஜெண்டுக்கும் நடுவே இருந்தது கடிதமும் கணக்கும் உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டும்தான். கடல் கடந்த வியாபாரத்தைக் காகிதம் கட்டி இழுத்தது. சம்பாதித்த பணம் ஊரில் வீடாக, கல்லும் சுண்ணாம்பும் பர்மா தேக்குமாக நின்றது. ஹெரால்டு இன்னிஸ் என்ற கனடாக்காரர், மெக்லுஹானுக்கு முன்னோடி, 1951-ல் எழுதியதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடுதான் கண்ணில் வந்தது. கல், களிமண் போன்ற கனமான ஊடகம் காலத்தைத் தாண்டி நிற்கும். காகிதம் போல லேசானது தூரத்தைத் தாண்டும். ஒரு சமூகம் எதன் மேல் சாய்கிறதோ அதன்படி அதன் அதிகாரம் அமையும் என்றார். அவர் பேசியது எகிப்து, ரோம் போன்ற பேரரசுகளைப் பற்றி. நகரத்தார் இரண்டையும் ஒரே குடும்பத்துக்குள் வைத்திருந்தார்கள். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனபோது காகிதம் அறுந்தது, கல் நின்றது.

இன்றைய குரூப்பைப் பாருங்கள். தூரம் என்பதே இல்லை, பினாங்கில் நான் அனுப்புவது அந்த நொடியே பள்ளத்தூரில் திறக்கிறது. ஆனால் போன வருஷம் அதே குரூப்பில் என்ன பேசினோம் என்று தேடினால் கிடைப்பதில்லை. போன் மாற்றியவர்களிடம் மொத்தமும் போய்விட்டது. வீட்டைப் பிரிப்பது பற்றிப் பங்காளிகள் சம்மதம் சொன்ன குரல் பதிவுகளைக்கூட இப்படி இழந்தோம். இன்னிஸைப் படித்த பிறகுதான் முக்கியமான பேச்சை எழுதி, கையெழுத்து வாங்கிப் பெட்டகத்தில் வைக்க ஆரம்பித்தோம். எனக்குக் கோட்பாடு உதவியது இப்படி.

புதுவயல் பையன்

நான் இப்போது ஊடகவியல் இரண்டாம் வருஷம். செக்காலை அண்ணன் சொல்கிற பிள்ளைகளில் ஒருவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வகுப்பில் தொந்தரவு கொடுக்கிற விஷயம் வேறு. வில்லியம்ஸ் அமெரிக்காவில் மயாமியில் ஓர் இரவு டிவி பார்க்கிறார். படம் ஓடுகிறது, நடுவில் விளம்பரம், இன்னொரு படத்தின் முன்னோட்டம், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்து வருகிறது. தனித்தனி நிகழ்ச்சிகள் என்பதைவிட இது ஓர் ஓட்டம், அந்த ஓட்டம் திட்டமிட்டது என்று கண்டுகொள்கிறார். படிக்கும்போது ரீல்ஸ் பற்றி எழுதியது மாதிரியே இருக்கிறது. ஆனால் மயாமியில் அந்த ராத்திரி அந்த சேனலைப் போட்ட எல்லோருக்கும் அதே ஓட்டம். எனக்கு வருவது என் அப்பத்தாவுக்கு வராது. ஒரே கட்டிலில் இரண்டு பேரும் ஆளுக்கொரு போனில் பார்க்கிறோம். அவருக்கு வைத்தியமும் கோயிலும் பழைய பாட்டும். எனக்கு பைக்கும் கிரிக்கெட்டும். 'பார்வையாளர்கள்' என்று ஒரு கூட்டத்தை வைத்து எழுதிய கோட்பாட்டை, கூட்டமே இல்லாத இடத்தில் எப்படிப் பொருத்துவது?

2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தார்கள். சில நாளிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. போன் அதேதான், வெர்டிகல் அதேதான், ஆடுகிறவர்களும் அதே ஆட்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் வயல் வேலைக்குப் போய்க்கொண்டே வீடியோ போட்ட அக்காமார்களைப் பிறகு காணோம். ஒன்றுதான் மாறியது: யாருடையதை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கிற கணக்கு. மெக்லுஹான் சொல்கிற ஊடகம் இதில் எது? திரையா, அந்தக் கணக்கா? எங்கள் பாடத்தில் இதற்குப் பக்கமே இல்லை.

செக்காலைக்காரன்

தம்பி கேட்டது சரியான கேள்வி. ஐயா இதற்குப் பதில் சொல்லட்டும்.

இரண்டாங்கட்டு

தேவகோட்டையில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கோட்பாட்டுக்காரர்கள் அதை எங்கே வைப்பார்களோ வைக்கட்டும்.

எங்கள் பங்காளிகள் குரூப்பில் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். சம்பந்திகள் சிலரையும் சேர்த்துவிட்டார்கள். ஒரு நாள் ஒரு குரல் பதிவு வந்தது. பூர்வீக வீட்டில் பங்கு உள்ளவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் ஆன்லைனில் பதியாவிட்டால் பங்கு போய்விடுமாம். யார் பேசுகிறார், எந்த ஊர் என்று ஒன்றுமில்லை. மேலே பலமுறை ஃபார்வேர்ட் ஆனது என்ற அடையாளம் பளிச்சென்று இருக்கிறது. இருந்தும் அன்று சாயங்காலத்துக்குள் ஆச்சிமார்கள் ஆதார் கார்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஏனென்றால் அதைப் போட்டவர் எங்கள் வீட்டுப் பத்திரம், வரி ரசீது எல்லாம் பார்த்துக்கொள்கிற அண்ணன். யாரும் குரல் பதிவை நம்பவில்லை, அவரை நம்பினார்கள்.

எனக்குத் தெரிந்த வக்கீலிடம் கேட்டு, அப்படி ஒன்றுமில்லை என்று குரூப்பில் எழுதினேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கட்டைவிரல்கூடப் போடவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் ஒவ்வொருவராக எனக்குத் தனியாகப் போன் செய்தார்கள். "ஆச்சி, நீங்க சொன்னதுதான் நெசமா? எங்களுக்கும் அப்படித்தான் பட்டுச்சு." அதை குரூப்பில் சொல்லுங்கள் என்றால், பெரியவர் போட்டதைச் சம்பந்திகள் பார்க்க மறுத்துப் பேசலாமா என்கிறார்கள். குரூப்பை மட்டும் பார்க்கிற ஓர் ஆள் எங்கள் குடும்பமே அந்தப் பொய்யை நம்பியது என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார்.

கோட்டையூர் வாத்தியார்

ஆச்சி, உங்கள் பதிவை அப்படியே வகுப்புக்கு எடுத்துப்போக அனுமதி வேண்டும்.

கட்ஸ், லசார்ஸ்ஃபெல்ட் என்ற இருவர் அமெரிக்காவில் டெகாட்டூர் என்ற நடுத்தர ஊரில் பெண்களிடம் நடத்திய ஆய்வை 1955-ல் வெளியிட்டார்கள். செய்தி நேராக ஜனங்களிடம் போய் வேலை செய்வதில்லை. ஊடகத்தைக் கவனித்துப் பார்க்கிற, அக்கம்பக்கம் மதிக்கிற சிலரிடம் முதலில் போகிறது, அவர்கள் வழியாக மற்றவர்களிடம் போகிறது. வானொலியும் பத்திரிகையும் வைத்துச் சொன்னது இது. வாட்ஸ்அப்புக்கு அன்றைவிட இன்று கூடப் பொருந்துகிறது. 2018-ல் இந்தியாவில் ஒரே சமயத்தில் 5 இடத்துக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி அந்த நிறுவனம் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை சுற்றிய செய்தி என்றால் ஒரு சமயத்தில் ஒரே இடம் என்று இன்னும் இறுக்கியது. வேகம் குறைந்திருக்கும். ஆனால் ஆச்சி சொன்ன குரூப்பில் அந்த ஒரு இடம் போதும், ஒரு அண்ணன் போதும்.

அந்த மௌனம் பற்றி: ஜோஷுவா மேரோவிட்ஸ் 1985-ல் எழுதினார். யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதே அவருக்கு என்ன தெரியலாம், யார் முன்னால் என்ன பேசலாம் என்பதை முடிவு செய்துவந்தது. மின்னணு ஊடகம் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. நம் வீடுகளையே பாருங்கள். முகப்பில் ஆண்களின் வியாபாரப் பேச்சு, நடு முற்றத்து வளவில் சடங்கு, பின்னால் இரண்டாங்கட்டில் பெண்களின் பேச்சு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பேச்சு. குரூப்பில் கட்டுகளே கிடையாது. பங்காளி, சம்பந்தி, மருமகள், மாமியார் எல்லோரும் ஒரே கூடத்தில் நிற்கிறார்கள். அதனால் யார் முன்னாலும் பேசக்கூடியது மட்டும் அங்கே மிச்சம்: பிள்ளையார் படமும் பிறந்தநாள் வாழ்த்தும். உண்மையான பேச்சு தனிப் போனுக்குப் போய்விட்டது.

இரண்டாங்கட்டு

வகுப்பில் சொல்லுங்கள், ஊர் பேர் வேண்டாம். ஆனால் நம் வீட்டைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதிதான் சரி. இரண்டாங்கட்டில் இருந்தவர்களுக்கு முகப்பில் பேசியது தெரியாது என்று யார் சொன்னது? காபி கொண்டுபோகிற பிள்ளை கேட்டுவந்து சொல்லும். அடுப்படியில் வேலை பார்க்கிறவர்களுக்கு எல்லா வீட்டுச் சங்கதியும் தெரியும். எங்கள் ஆயாவுக்கு ரங்கூன் கணக்கு ஐயாவுக்குத் தெரிந்த அளவு தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார். இடம் பிரித்தது தெரிவதை இல்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதை. இன்று குரூப்பில் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் படிக்கிற மருமகள்கள் அதையேதான் செய்கிறார்கள். புது ஊடகம் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டது என்பவர் எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

செக்காலைக்காரன்

ஆச்சி சொன்னதுதான் என் வாதத்துக்கு நடு. ஆச்சிக்குத் தெரிந்த அளவுக்கு மேல் அந்த அமெரிக்க ஆட்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சி நடந்ததைச் சொன்னார், வாத்தியார் ஐயா அதற்கு ஒரு பெயரும் வருஷமும் சேர்த்தார். எல்லாம் நடந்து முடிந்த பிறகு வந்து பெயர் சூட்டுவதை நான் அறிவு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். கோட்பாடு என்றால் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் போய்ச் சரிபார்க்க முடியவேண்டும். அப்படி ஒன்று சொல்லுங்கள்.

கோட்டையூர் வாத்தியார்

நியாயமான நிபந்தனை. சொல்கிறேன்.

டெகாட்டூர் ஆய்வில் கடைச் சாமான், உடை ஒப்பனை, பொது விவகாரம், சினிமா என்று நான்கு விஷயத்தில் யார் பேச்சு எடுபடுகிறது என்று பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் என்பது பெரும்பாலும் இல்லை. ஒன்றில் மதிக்கப்படுகிறவர் இன்னொன்றில் மதிக்கப்படுவதில்லை. அப்படியானால் ஆச்சியின் குரூப்பில், பத்திரம் பார்க்கிற அண்ணன் நாளை சர்க்கரை நோய்க்கு ஒரு கஷாயம் என்று ஃபார்வேர்ட் செய்தால் யாரும் அசையக் கூடாது. கஷாயத்துக்கு வேறு ஆள் இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் சொன்னால் எதையும் கேட்பார்கள் என்றுதான் பொதுவாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது அதற்கு எதிராகப் போகிற கணிப்பு. சரிபார்க்கலாம்.

இரண்டாங்கட்டு

பழைய பேச்சைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். அண்ணன் கொரோனா சமயத்தில் இரண்டு மூன்று மருந்து போட்டிருக்கிறார். ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லை, செய்யவும் இல்லை. அதே சமயம் கோனாபட்டு ஆச்சி ஒருவர் மிளகு, சித்தரத்தை போட்டு ஒரு கஷாயம் எழுதினார். வீட்டுக்கு வீடு அடுப்பில் ஏறியது. இன்னும் சிலர் காய்ச்சுகிறார்கள். அந்த ஆச்சி பத்திரம் பற்றிச் சொன்னால் நானே கேட்க மாட்டேன்.

ஆக ஐயா சொன்னது நின்றுவிட்டது. ஒன்று மட்டும் ஒட்டவில்லை. சொத்து, கோயில் வரி, கல்யாணச் சம்பந்தம் என்று வந்தால் வயதும் வசதியும் உள்ளவர் பேச்சுதான். அதில் விவரம் தெரிந்தவர் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் டெகாட்டூர்ப் பெண்களுக்குப் பங்காளிகள் இல்லை போலிருக்கிறது.

ஆத்தங்குடிக் கல்

இவ்வளவு நேரம் படித்தேன். பேசியதெல்லாம் வளவு, முகப்பு, பங்காளி, கிட்டங்கி. செட்டிநாட்டில் செட்டியார் வீடு மட்டும்தான் இருக்கிறதா? இந்தக் கேள்வியையும் ஊடகக் கேள்வியாகவே கேட்கிறேன், ஏனென்றால் போனில் பார்த்தாலும் இதே கதைதான். பூட்டிக் கிடக்கும் அரண்மனை, பேய் வீடு, மிளகுக் கோழி. வானம் பார்த்த பூமியில் விவசாயம் பார்க்கிறவரும் கண்டாங்கிச் சேலை நெய்கிறவரும் எதிலும் வருவதில்லை.

எங்கள் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்கு வாரம் தவறாமல் யாராவது வீடியோ எடுக்க வருகிறார்கள். என்ன எடுக்கிறார்கள் என்று சொல்கிறேன். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றுவோம். அச்சை மெதுவாகத் தூக்குகிற அந்த நொடி வேண்டும் அவர்களுக்கு. சாயம் கலங்காமல் பூ அப்படியே நிற்கும், பார்க்க அழகுதான். அதோடு கேமராவை அணைத்துவிடுவார்கள். அதற்கு மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவை போட்டு இறுக்கி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்காக ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துக் கண்ணாடியைப் பிரிக்கிற வேலை எந்த ரீலிலும் கிடையாது. முகமும் கிடையாது. கை மட்டும்தான். என் தம்பியின் கையை லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள், அவன் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ரீல் பார்த்துவிட்டு வருகிறவர்கள் 20 விநாடியில் ஆகிற கல்லுக்கு ஏன் இவ்வளவு விலை, நாளைக்கே ஏன் தர முடியாது என்று சண்டை போடுகிறார்கள். எங்கள் உழைப்பின் நேரத்தை அந்த வீடியோ தின்றுவிட்டது. இதற்கு உங்களிடம் கோட்பாடு இருக்கிறதா?

கோட்டையூர் வாத்தியார்

இருக்கிறது. டாலஸ் ஸ்மைத் என்ற கனடாக்காரர் 1977-ல் எழுதியது. விளம்பரத்தில் ஓடுகிற ஊடகம் நிகழ்ச்சியை விற்கவில்லை, பார்க்கிறவர்களின் கவனத்தைத்தான் விளம்பரதாரருக்கு விற்கிறது, நிகழ்ச்சி அந்தக் கவனத்தைக் கூட்டுகிற இலவசத் தீனி என்றார். புதுவயல் தம்பி கேட்டதற்கும் இங்கேதான் வழி. யாருடையதை யாருக்குக் காட்டுவது என்ற கணக்கு ஏன் அப்படி இருக்கிறது? விரலை நிறுத்துகிற நேரம்தான் அங்கே சரக்கு. தொட்டியில் ஊறுகிற கல் விரலை நிறுத்தாது. அதனால் அது வெட்டுப்படும். மெக்லுஹானை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க முடியாது, திரையைப் பார்த்துக்கொண்டே இருப்போம். பாடத்திட்டத்தில் மெக்லுஹானுக்கு நான்கு வகுப்பு, ஸ்மைத்துக்கு அரை வகுப்பு என்று இருப்பது தப்பான அளவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செக்காலைக்காரன்

அந்த மாதிரி வீடியோக்களை எடுக்கிறவர்களில் நானும் உண்டு. முகம் வந்தால் பார்க்கிறவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள், கை வந்தால் நிற்கிறார்கள். அது எனக்குத் தெரியும், அதனால் கையை வைக்கிறேன். ஆத்தங்குடிக்காரர் கேட்டது ஏன் கை நிற்கிறது, அந்த நிற்பில் யாருக்குக் காசு என்று. அது என் தொழில் அறிவுக்குள் இல்லாத கேள்வி, அதை மறுக்கவில்லை. ஆனால் வாத்தியார் ஐயா கவனிக்க வேண்டும்: அந்தக் கேள்வி ஸ்மைத்திடமிருந்து வரவில்லை, பட்டறையிலிருந்து வந்தது. ஆச்சியின் கேள்வி குரூப்பிலிருந்து வந்தது. என் கட்சி இன்னும் இதுதான். முதல் வருஷம் பிள்ளைகளைப் பட்டறைக்கும் கல்யாண வீட்டுக்கும் அனுப்புங்கள். அவர்கள் கேள்வியோடு திரும்பி வந்த பிறகு அந்தக் கனடாக்காரர்களைக் காட்டுங்கள். இப்போது நடப்பது தலைகீழ்.

கோட்டையூர் வாத்தியார்

அதில் நான் ஒத்துப்போக மாட்டேன் அண்ணே. வெறும் கண்ணோடு அனுப்பினால் பிள்ளைகள் அச்சைத் தூக்குகிற நொடியைத்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள். ரீல் எடுக்க வருகிற எல்லோரும் வெறும் கண்ணோடு வந்தவர்கள்தான். தொட்டியைப் பார்க்க ஒரு கேள்வியோடு போக வேண்டும்.

புதுவயல் பையன்

எனக்கு இந்த வருஷம் ஒரு ஆய்வு செய்ய வேண்டும். 'இளைஞர்கள் மீது சமூக ஊடகத்தின் தாக்கம்' என்று தலைப்பு கொடுத்திருந்தேன். அதை மாற்றுகிறேன். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்போகிறேன்: மருந்து, நிலம், வேலைவாய்ப்பு, சீரியல் சினிமா, இந்த நான்கில் போனில் ஒன்று வந்தால் நம்புவதற்கு முன் யாரைக் கேட்கிறீர்கள்? யாரையும் கேட்காமல் போன் காட்டுவதையே எடுத்துக்கொள்வது எதில்? இரண்டாவது கேள்வி டெகாட்டூரில் கிடையாது. அங்கேதான் அந்தக் கணக்கு இடைநடுவில் வந்து உட்கார்ந்த ஆளாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் தெருவில் நகரத்தார் வீடு ஒன்றுகூட இல்லை, ஆத்தங்குடி அண்ணனுக்காகச் சொல்கிறேன்.

கோட்டையூர் வாத்தியார்

நல்ல கேள்விகள் தம்பி. கூகுள் ஃபார்ம் அனுப்பாதே. நேரில் போ. போனை அவர்களே திறந்து காட்டினால் பார், நீயாகக் கேட்காதே.

ஆத்தங்குடிக் கல்

வேலைவாய்ப்பு என்பதோடு கடன் ஆப்பையும் சேர்த்துக்கொள். எங்கள் பக்கத்தில் போன் பேச்சைக் கேட்டு மாட்டிக்கொள்வது அதில்தான்.

இரண்டாங்கட்டு

சாயங்காலம் போகாதே அப்பா, அடுப்பு வேலையும் சீரியலும் சேர்ந்து வருகிற நேரம். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எழுந்த பிறகு போ. மாமியாரையும் மருமகளையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்காதே. தனித்தனியாகக் கேள். மருமகளிடம் கேட்கும்போது உன் அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போ, இல்லையென்றால் உனக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.